துந்துத்தான்

இரவு பத்தேகாலுக்கு பகாவில் விழித்திருப்பவை இரண்டு.
ஒன்று மாமாக் கடை.
இன்னொன்று, காசு போட்டால் துவைத்துத் தரும் இந்த டோபி.
இங்கே வைஃபை இலவசம்.
ஒரு மூட்டை அழுக்கோடு வந்தால்
யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள்.
நான்காம் எண் இயந்திரத்தில் அப்பாவின் வேலைச் சட்டைகள்.
செம்பனைப் பிசுக்கு ஒரு கழுவில் போகாது,
அதனால்தான் கொண்டுவந்தேன்.

தென் சீனக் கடல் யாருக்கு?
ஆயிரத்து ஐந்நூறு சொல்லில்
வாசிப்பவரை இணங்க வைக்க வேண்டும்,
பதினொன்று ஐம்பத்தொன்பதுக்குள்.
சீட்டுக் குலுக்கியதில் மெய் ஷின்னுக்கு நம் நாடு.
எனக்கு, கடல்மேல் கோடு போட்டவர்கள்.
"இந்தச் சீட்டுக்குக் குறும்பு அதிகம்" என்றாள் மெய் ஷின்.
சிரித்தோம்.
மாற்றிக்கொள்ளவில்லை.

'நான்' கூடாது என்பது புவான் ரொஹானியின் விதி.
'உணர்கிறேன்' கூடவே கூடாது.
எதிராளியின் வாதத்தை ஒரு பத்தியில் நேர்மையாகச் சொல்,
அடுத்த பத்தியில் அடக்கம் செய்.

கடலை நான் ஒரே முறை பார்த்திருக்கிறேன்.
போர்ட்டிக்சன், தொழிற்சங்கப் பேருந்து,
வழி முழுக்க வாந்தி.
அதுவும் வேறு கடல்.
ஆனாலும் விரல் ஓடுகிறது:
பழைய வரைபடங்கள், மீனவர் வழக்கம்,
நூற்றாண்டுகளாகப் போய்வந்த படகுகள்.
போய்வந்தால் சொந்தமாகுமா?
அப்படியானால் முப்பத்தோரு வருடம்
அப்பா போய்வந்த பதினேழாம் நிரை
என்று தட்டச்சு செய்து
எழுத்தெழுத்தாக அழித்தேன்.

கட்டுரை மலாயில்.
உரிமை கோருவதற்கு அங்கே துந்துத்தான் என்று சொல்.
இதுவரை இருபத்து மூன்று முறை வந்துவிட்டது.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குக் கடல் தெரியாது.
துந்துத்தான் என்றால் பச்சை ஃபைல்,
சொக்சோ அலுவலக வரிசை,
அப்பாவின் வலக்கண்.

படிவம் மூன்றில் படிக்கும்போது நான்தான் நிரப்பினேன்.
அர்ச்சுனன் த/பெ காத்தமுத்து.
சம்பவம் நடந்த விதம்: அரை வரிக் கோடு.
"மட்டை வெட்டுறப்ப முள்ளு விழுந்துச்சு, எழுது."
"எப்படிப்பா விழுந்துச்சு?"
"மேல பாக்காம குலை வெட்ட முடியுமா?
மேல பாத்தா வேற எங்க விழும்?"
கோட்டைத் தாண்டி, ஓரத்தில் ஏறி, அதையே எழுதினேன்.
ஏழ்மை, தம்பியின் ஆஸ்துமா, தயவுசெய்து,
எல்லாம் சேர்த்தேன்.

நான்கு வரியில் பதில் வந்தது.
ஆதாரம் போதவில்லை.
கிராணியின் பதிவேட்டில் அப்பா அன்று விடுப்பு.
பார்த்த ஒரே ஆள் ரஃபிகுல்
பெர்மிட் முடிந்து டாக்காவுக்குப் போய்விட்டிருந்தான்.

இரண்டாம் கடிதத்தில் தயவுசெய்துவை எடுத்தேன்.
தம்பியை எடுத்தேன்.
கிளினிக் அட்டையின் தேதியை முதல் வரியில் வைத்தேன்.
பதினான்கு மாதம் கழித்துப் பணம் வந்தது,
கேட்டதில் பாதிக்கும் கீழே.
யாரும் எனக்கு மதிப்பெண் போடவில்லை.

இப்போது எதிர்வாதப் பத்தியை முடித்துவிட்டேன்.
நம் நாட்டின் நியாயத்தை ஒழுங்காகச் சொல்லி
மூன்றே வாக்கியத்தில் மூடினேன்.
சுத்தமாக இருந்தது.
திரும்ப வாசித்தபோது
அந்த நான்கு வரியை எழுதிய ஆள் நினைவுக்கு வந்தார்.
இத்தனை நாள் அவரைக் கல்நெஞ்சன் என்றே திட்டிக்கொண்டிருந்தேன்.
அவரும் ஒரு சீட்டு எடுத்தவராக இருக்கலாம்.
கெட்டிக்காரராகவும் இருக்கலாம்.

மெய் ஷின்னுக்கு அனுப்பினேன்.
'படிச்சா கோபம் வருது' என்று பதில்.
கொஞ்சம் விட்டு,
'நல்லா எழுதியிருக்க.'

பதினொன்று ஐம்பத்திரண்டு.
ஏற்றும் வட்டம் திரையில் சுற்றுகிறது, நின்று, சுற்றுகிறது.
முகப்புப் பக்கத்தில் மட்டும் நான் இருக்கிறேன்:
யசோதரா த/பெ அர்ச்சுனன்.

வெளியே மோட்டார் சத்தம்.
அப்பா ஹெல்மெட்டைக் கழற்றாமல்
தலையைச் சற்று வலப்பக்கம் திருப்பி
இடக்கண்ணால் திரையைப் பார்க்கிறார்.
"அனுப்பிட்டியா?"
"போய்க்கிட்டு இருக்கு."
சட்டையை உதறி வெளிச்சத்தில் பிடித்தார்.
கறை இருந்த இடத்தில் கறை.
"டிரையருக்கு ரெண்டு ரிங்கிட் இருக்கா?"